ஊசி இல்லாத மாதங்கள்

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களில் புதன்கிழமை என்றால் ஊசி நாள். துணை சுகாதார நிலையத்து வாசலிலும் பக்கத்து வேப்பமர நிழலிலும் காலையிலேயே தாய்மார் கூடிவிடுவார்கள். பிறந்த அன்று போட்ட ஊசிக்குப் பிறகு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று அட்டையில் குறித்த தேதிக்குப் பிள்ளை வந்து சேர்ந்துவிடும். வராத பிள்ளையைத் தேடி நர்ஸம்மாவே வீட்டுக்குப் போவார். தொண்டை அடைப்பானும் ரணஜன்னியும் இளம்பிள்ளை வாதமும் இந்தக் கரிசல் ஊர்களைவிட்டுப் போனதற்குப் பின்னால் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த இந்தப் பழக்கம் இருக்கிறது.

மூன்றரை மாத ஊசி முடிந்ததும் வரத்து நின்றுவிடுகிறது. அரசு அட்டவணைப்படி அடுத்த ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகு. அதற்கும் அடுத்தது பதினாறு மாதத்துக்கு மேல். முதலில் ஐந்தரை மாத இடைவெளி, பிறகு ஏழு மாத இடைவெளி. இந்த நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தாலொழிய பிள்ளையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்குக் காட்ட வேண்டும்?

பிள்ளைகளின் வளர்ச்சி பெரும்பாலும் தடுமாறுவது இதே மாதங்களில்தான். பிரேசில் நாட்டு ஆய்வாளர் சீசர் விக்டோராவின் குழு, 54 நாடுகளின் குழந்தை வளர்ச்சிக் கணக்குகளைச் சேர்த்துவைத்து ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டது. பிறந்த சில மாதங்களிலேயே தொடங்கும் உயரச் சரிவு இரண்டு வயதுவரை நிற்காமல் போவதை அந்தக் கணக்கு காட்டியது. அதன் பிறகு இழந்ததை மீட்பது கடினம். ஊசிக்காகப் பிள்ளை வராத மாதங்களும் அது சறுக்கும் மாதங்களும் ஒன்றாக அமைந்துவிட்டன. நோயில்லாத நாளில் பிள்ளையைப் பரிசோதிப்பதன் அறிவியல் இங்கே தொடங்குகிறது.

ஆறாம் மாதத்தில் நடப்பது

பிறந்த முதல் மாதத்தில் ஒரு குழந்தைக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் உடலை வளர்ப்பதற்கே செலவாகிறது. ஒரு வயதாகும்போது அந்தப் பங்கு 3 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். அதற்குள் நடக்கும் வேலை பெரிது. பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகிறது, ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. 50 செ.மீ. நீளத்தில் பிறந்த பிள்ளை 75 செ.மீ. ஆகிறது. மூளையோ இரண்டு வயதுக்குள் பெரியவர்களின் மூளையில் ஏறத்தாழ 80 சதவீத அளவை எட்டிவிடுகிறது.

சாப்பாடு போதாமல் போனால் உடல் எல்லாவற்றையும் ஒன்றுபோலக் குறைப்பதில்லை. முதலில் எடை ஏறுவது நிற்கும். பற்றாக்குறை நீடித்தால் உயரம் நிற்கும். தலையின் வளர்ச்சி கடைசியாகத்தான் பாதிக்கப்படும். கைக்குழந்தை சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் மூளைக்குப் போகிறது. அந்த மூளையைக் காப்பாற்ற உடல் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்கும். ஆகவே முதல் எச்சரிக்கை எடையில்தான் தெரியும். முகத்தில் அது தெரியாது. எடை நின்று இரண்டு மாதம் ஆன பிள்ளையும் சிரிக்கும், தவழும், கைக்கு எட்டியதை இழுத்துப் போடும்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதற்குப் பிறகு தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும்: ஆறிலிருந்து எட்டு மாதம்வரை நாளுக்கு 200 கலோரி, ஒன்பதிலிருந்து பதினொரு மாதம்வரை 300, ஒரு வயதுக்கு மேல் 550. வயிற்றில் இருந்தபோது தாயிடமிருந்து வாங்கிச் சேமித்த இரும்புச்சத்தும் ஆறு மாத அளவில் தீர்ந்துபோகிறது. தாய்க்கே ரத்தசோகை இருந்தால் இன்னும் முன்னதாகத் தீரும். பிள்ளை தவழ ஆரம்பிப்பதும் மண்ணையும் கல்லையும் வாயில் வைப்பதும் வயிற்றுப்போக்கு வருவதும் இதே சமயத்தில்தான்.

இந்த வட்டாரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. தாய் வேலைக்குத் திரும்பும் காலமும் அதுவே. அருப்புக்கோட்டையில் நூல் மில்லும் தறியும் அழைக்கும். திருச்சுழிப் பக்கம் நூறு நாள் வேலை. ஐப்பசி மழை பெய்துவிட்டால் கம்பு, உளுந்து, மிளகாய், பருத்திக் காடுகளில் களையெடுப்பு. காலையில் பால் கொடுத்துவிட்டுப் போன தாய் சாயங்காலம்தான் திரும்புவார். பகல் முழுக்கப் பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். பாலும் குறைந்து, அதற்கு ஈடான உணவும் கிடைக்காமல் போனால், எடை ஏறுவது சத்தமில்லாமல் நிற்கும்.

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ளவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மருத்துவமனைப் பிரசவத்திலும் தடுப்பூசியிலும் நாட்டில் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்தின் கணக்கு இது.

நிறத்தைப் பார்ப்பதா, கோட்டைப் பார்ப்பதா

பால்வாடியில் எடை போடும் நாளைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். உத்தரத்திலோ மரக்கிளையிலோ வட்டமுகத் தராசு தொங்கும். டீச்சர் முதலில் வெறும் கால்சட்டைத் துணியைக் கொக்கியில் மாட்டி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவருவார். பிள்ளையின் சட்டை, தண்டை, வெள்ளிக் கொலுசு எல்லாம் கழற்றியாக வேண்டும். மாதத்துக்கு 300 கிராம் ஏற வேண்டிய வயதில் 100 கிராம் கொலுசு கணக்கைக் கெடுத்துவிடும். பிள்ளையைத் துணியில் உட்காரவைத்தால் காலை உதைத்து அழும், முள் ஆடும். ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, முள்ளைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். அவசரத்தில் படித்தால் 200 கிராம் தவறிப்போகும். அது ஒரு மாத வளர்ச்சியின் பெரும்பகுதி.

எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று தயங்கும் பாட்டிமார் உண்டு. எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் அட்டையில் எழுதித் தாய்க்கு மட்டும் காட்டினால் அவர்கள் மனமும் நோகாது, வேலையும் நடக்கும்.

தாய் சேய் நல அட்டையில் பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண்பிள்ளைக்கு நீலம் என்று தனித்தனி வளர்ச்சிப் படம் இருக்கிறது. படத்துக்குள் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள். புள்ளி பச்சையில் விழுந்தால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். தவறும் இங்கேதான் நடக்கிறது.

இரண்டு பெண்பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். முதல் பிள்ளை ஆறு மாதத்தில் 7 கிலோ, ஏழாம் மாதம் 7.1, எட்டாம் மாதம் 7.1, ஒன்பதாம் மாதமும் 7.1. இரண்டாவது பிள்ளை எடை குறைவாகப் பிறந்தவள்: ஆறு மாதத்தில் 5.5, பிறகு 5.8, 6.1, 6.4. ஒன்பதாம் மாதத்தில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே உள்ள எல்லை 6.5 கிலோ. முதல் பிள்ளை பச்சையில் இருக்கிறாள், இரண்டாவது பிள்ளை மஞ்சளில். நிறத்தை மட்டும் பார்த்தால் முதலாமவளை விட்டுவிட்டு இரண்டாமவளுக்காகக் கவலைப்படுவோம். உண்மையில் இரண்டாமவள் மாதம் 300 கிராம் ஏறிக்கொண்டிருக்கிறாள். அந்த வயதில் நன்றாக வளரும் பெண்பிள்ளையின் வேகம் அதுதான். முதலாமவள் இரண்டு மாதமாக ஒரு கிராம்கூட ஏறவில்லை. உடனே கவனிக்க வேண்டியவள் அவளே.

ஒரு தடவை போட்ட எடை பிள்ளை எவ்வளவு கனம் என்று மட்டுமே சொல்லும். அடுத்தடுத்துப் போட்ட எடைகளைச் சேர்த்தால்தான் அது வளர்கிறதா என்று தெரியும். ஒன்பதாம் மாத ஊசிக்கு வந்தபோது மட்டும் தராசில் வைத்திருந்தால், "நல்லாத்தான இருக்கா" என்று சொல்லி முதலாமவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"அவுக அப்பனும் சின்னப் பிள்ளையில இப்படித்தேன் ஒல்லியா இருந்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு இடங்களில் நடத்திய ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், இந்தியாவின் டெல்லி ஆகிய இடங்களில், தாய்ப்பாலும் சத்துணவும் மருத்துவமும் சரியாகக் கிடைத்த சுமார் 8,500 பிள்ளைகளை அளந்தார்கள். ஆறு ஊர்ப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் உயரமானார்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் பிள்ளைகளுக்கிடையே பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது வளர்ப்புச் சூழல். இனமும் நாடும் அல்ல. நம் அட்டையில் இருக்கும் படம் 2006இல் வெளியான அந்த அளவீட்டிலிருந்து வந்தது.

கொட்டாம்பட்டியில் தொடங்கிய வேலை

மாதாமாதம் எடை போட்டுக் கோடு வரைவதை 1950களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இமேசி கிராமத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். அட்டையை மருத்துவமனைப் பெட்டிக்குள் பூட்டாமல் தாயின் கையிலேயே கொடுத்தார். பிள்ளையின் வளர்ச்சியைக் கண்காணிப்பவர் தாய், உதவுபவர் மருத்துவர் என்பது அவர் கொள்கை.

அந்த முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடங்களில் நம் தென்மாவட்டங்கள் முக்கியமானவை. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி, ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது. அவற்றில் ராமநாதபுரமும் ஒன்று. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை ராமநாதபுரத்தோடு இருந்தவை.

பள்ளிக்கு வரும் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று 1950களில் திட்டம் கொண்டுவந்தவர் விருதுநகரில் பிறந்த காமராசர். புதிய திட்டம் பள்ளி வயதுக்கு வெகு முன்னே போனது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகள்தான் அதன் இலக்கு. ஊரைச் சேர்ந்த ஊட்டச்சத்துப் பணியாளர் மாதம் ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் எடை போடுவார். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கும் மிக மெலிந்த பிள்ளைக்கும் மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த சத்துருண்டை 90 நாள் தினமும் கிடைக்கும். அதற்குள் அரைக் கிலோ கூடிவிட்டால் உருண்டை நிற்கும். கூடாவிட்டால் நோய் இருக்கிறதா என்று பார்க்க நர்ஸிடம் அனுப்புவார்கள். தாயோடு உட்கார்ந்து பேசுவதும் பணியாளரின் வேலை.

யாருக்கு உணவு தர வேண்டும் என்பதை வளர்ச்சிக் கோட்டை வைத்து முடிவுசெய்தது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. திட்டம் நடந்த பகுதிகளில் கடும் ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் சொல்லின. பல நாடுகளின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் இதை முன்மாதிரியாக எடுத்துப் படித்தன.

தராசு மருந்தல்ல

மாதாமாதம் எடை போடும் முறைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. சாபு ஜார்ஜும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 12 கிராமங்களில் நடத்திய ஆய்வு 1993இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஆறு கிராமங்களில் பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, கோட்டைக் காட்டித் தாய்மாரிடம் பேசினார்கள். மற்ற ஆறு கிராமங்களில் அதே மருத்துவ உதவியும் அதே அறிவுரையும் கிடைத்தன. எடைக் கோடு மட்டும் இல்லை. முடிவில் இரு பக்கத்துப் பிள்ளைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் இல்லை.

தராசே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எடை போடுவதால் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. எடையைப் பார்த்த பிறகு என்ன நடக்கிறது என்பதே பிள்ளையை வளர்க்கிறது. எல்லா வீட்டுக்கும் நல்ல அறிவுரையும் மருத்துவமும் தவறாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தால் கோடு கூடுதலாக எதையும் தருவதில்லை. ஆனால் ஒரே ஒரு நர்ஸ் பல ஊர்களைப் பார்க்கும் இடத்தில், இன்று எந்த வீட்டு வாசலில் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்று அவருக்குச் சொல்வது அந்தக் கோடுதான். எண்ணைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டால் அந்த வேலை வீண்.

வாசலில் நடக்கும் பேச்சு

எடை நின்ற பிள்ளையின் வீட்டுக்கு நல்ல நர்ஸ் ஒருவர் போனால் பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்.

"அப்பத்தா, பிள்ளைக்குக் கஞ்சி எப்படிக் காய்ச்சுறீங்க?"

"தண்ணியாத்தேன் தாயி. கெட்டியாக் குடுத்தாப் பச்சப் பிள்ளைக்குச் செமிக்காதுல்ல."

"கரண்டியச் சாய்ச்சா ஒழுகக் கூடாது அப்பத்தா, ஒட்டி நிக்கணும். பாசிப்பருப்பும் சேத்து வேகவச்சு மசிச்சுக் குடுங்க. மேல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்க."

இந்தச் சின்ன அறிவுரைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 7 கிலோ எடையுள்ள பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். 100 மில்லித் தண்ணீரில் 10 கிராம் மாவு போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் 35 கலோரி இருக்கும். வயிறு முட்டக் குடித்தாலும் 70 கலோரி. அந்தக் கஞ்சியிலேயே 200 கலோரியை எடுக்கப் பார்த்தால் தாய்ப்பாலுக்கு வயிற்றில் இடம் இருக்காது. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரிக்கு மேல் சேர்க்கும், இடம் அடைக்காது. பிள்ளை பசியே இல்லாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வது பல வீடுகளில் தண்ணீரால் வயிறு நிரம்பியதன் அடையாளம்.

கெட்டிக் கஞ்சி தொண்டையில் இறங்க மறுத்தால் அதற்கும் வழி உண்டு. தானியம் முளைவிடும்போது தன் மாவுச்சத்தை உடைக்க அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. முளைகட்டிக் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்த கம்பு அல்லது கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகையைச் சூடான கெட்டிக் கஞ்சியில் கலந்தால், மாவின் அளவு குறையாமலே கஞ்சி இளகிவிடும். பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்து காட்டினார். கம்பும் கேழ்வரகும் குதிரைவாலியும் பாசிப்பயறும் நிலக்கடலையும் முருங்கையும் பழகிய இந்த ஊர்களில், டப்பா உணவு வாங்கக் காசு இல்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தையும் ஒன்பதாம் மாதம் முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவத்தையும் நர்ஸிடம் கேட்டு வாங்கலாம்.

எடைக்கு அப்பால்

நோயில்லாத பிள்ளையிடம் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஒன்றரை மாத ஊசிக்கு வரும் பிள்ளையின் கண் இன்னும் மஞ்சளாக இருக்கிறதா, மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்துப் போகிறதா என்று கேட்க வேண்டும். பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளைக்கு 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பலன் அதிகம். பிந்தினால் ஈரல் கெட்டுப்போகும். தலையைச் சுற்றி நாடா வைத்து அளப்பதும் ஒரு நிமிட வேலை. தலை வேகமாகப் பெருத்தாலும், வளராமல் நின்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தலை நிற்பது, உட்காருவது, நடப்பது ஆகியவற்றைக் கவனிக்கத் திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் மருத்துவர் எம்.கே.சி. நாயர் குழு 1991இல் 17 செயல்கள் கொண்ட ஒரு படத்தை வெளியிட்டது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. எந்த வயதிலிருந்து எந்த வயதுக்குள் பிள்ளைகள் அதைச் செய்வார்கள் என்று அது காட்டும். பிள்ளையின் வயதுக்கு நேராகப் பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கமே முடிந்துபோன பட்டையில் உள்ள செயலைப் பிள்ளை இன்னும் செய்யாவிட்டால் மேல்சோதனை தேவை. பால்வாடி டீச்சர்கூட ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். தாமதத்துக்கும் இயல்பான வித்தியாசத்துக்கும் உள்ள எல்லையும் இதில் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் எட்டு மாதத்தில் நடக்கும் பிள்ளையும் பதினேழு மாதத்தில் நடக்கும் பிள்ளையும் இயல்பானவர்களே.

காது விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. பிறவியிலேயே கேட்காத பிள்ளையும் முதல் மாதங்களில் மற்ற பிள்ளைகளைப் போலவே குரல் எழுப்பும். அதனால் வீட்டில் சந்தேகம் வராது. பேச்சு வராதபோதுதான் தெரியும். அதற்குள் ஒன்றரை, இரண்டு வயதாகிவிடும். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால் மொழி வருவதற்கான வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணம் முடிக்கும் வழக்கம் இங்கு உண்டு. தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் ஒன்றுசேர அதனால் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்குக் காதுப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும். காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது.

யார் நேரத்துக்கு யார் வருவது

இடைவெளியை அரசும் அறியும். 2018இல் விருதுநகர் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்வான அதே காலத்தில், மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்தாம் மாதங்களில் சுகாதாரப் பணியாளர் பிள்ளையின் வீட்டுக்கே போக வேண்டும் என்ற தேசியத் திட்டமும் வந்தது. அவற்றில் ஆறு, பன்னிரண்டு, பதினைந்தாம் மாதங்கள் ஊசி இல்லாதவை. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வர வேண்டும்.

தாய் மில்லில் இருக்கும் நேரத்தில், காட்டில் களையெடுக்கும் நேரத்தில் யார் வந்தாலும் கதவு பூட்டியிருக்கும். கூலியை விட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்வது நியாயம் இல்லை. எடை போடும் நாளை வேலை முடிந்த மாலைக்கு மாற்றலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம் சொன்னது. மில்லில் அது இருந்தால் ஒன்பது மாதப் பிள்ளைக்குப் பகலிலும் தாய்ப்பால் கிடைக்கும், தராசும் அங்கேயே தொங்கும். பகலெல்லாம் பிள்ளையை வைத்திருக்கும் அப்பத்தாவையும் அம்மாச்சியையும் உட்காரவைத்துப் பேசினால்தான் கஞ்சி கெட்டியாகும்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவு கூடியிருக்கு?" பிள்ளை பச்சையில்தான் இருக்கிறது என்று பதில் வந்தால், திரும்பவும் அதையே கேளுங்கள். ஒன்றும் கூடவில்லை என்றால் அடுத்த ஊசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே நர்ஸிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடமோ காட்டுங்கள். ஊசிக்குத் தேதி தவறாமல் வரும் பழக்கத்தை இந்த மண்ணின் தாய்மாரும் செவிலியரும் சேர்ந்து உண்டாக்கினார்கள். ஊசி இல்லாத மாதத்திலும் பிள்ளையைத் தூக்கி வரும் பழக்கத்தையும் அவர்களால் உண்டாக்க முடியும். இரண்டு வயதுக்குப் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காத பலன் அதில் இருக்கிறது.